இலகு ஸ்போர்ட்ஸ் கார்களின் சஸ்பென்ஷன் ஓசை

இலகு ஸ்போர்ட்ஸ் கார் என்பது இருவர் மட்டும் அமரக்கூடிய, எடை குறைந்த, வளைவுகளில் விரைந்து திரும்புவதற்கென வடிவமைக்கப்பட்ட கார் வகையாகும். பெரிய எஞ்சின் பொருத்தி வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக எடையைக் குறைத்து அதே பயனைப் பெறுவது இவ்வகையின் அடிப்படைக் கருத்து. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த இக்கருத்து 1989-இல் ஜப்பானில் மறுபிறப்பு எடுத்தது.

இக்கார்களின் சக்கரங்களை உடலோடு இணைக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், விஷ்போன் கை, புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றின் தொகுதியே சஸ்பென்ஷன், அதாவது தொங்கமைப்பு. இதிலிருந்து எழும் 'டக்' ஓசையும் 'கிறீச்' ஓசையும் இவ்வகைக் கார் வைத்திருப்போருக்கு நெடுநாள் பழக்கமானவை. சாதாரணக் காரில் அது பெரும்பாலும் தொல்லை மட்டுமே. இலகு காரில் அப்படிச் சொல்லிவிட முடியாது. எடையைக் குறைப்பதற்காக ஒரே உறுப்புக்கு இரண்டு, மூன்று வேலைகள் தரப்பட்டிருப்பதால், ஓசை எழுப்பும் உறுப்பே சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் உறுப்பாகவும் இருக்கக்கூடும். ஓசையை அலட்சியம் செய்தவர்கள் சக்கரத்தையே இழந்ததுண்டு.

கிரீஸிலிருந்து ரப்பருக்கு

தொடக்கக் காலக் கார்களில் எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்) பயன்பட்டது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வதால் அதிர்வு ஓரளவு அடங்கும். அதே உராய்வு கிறீச்சிடவும் செய்யும். மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போடுவது போல இவற்றுக்கும் இடைவிடாது கிரீஸ் ஏற்ற வேண்டியிருந்தது. வில்லைத் தோல் உறையால் மூடி, உள்ளே கிரீஸை அடைத்து வைக்கும் வழக்கமும் இருந்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கும். ஒன்றை மறந்தால் சில மாதங்களில் அந்த இடமே சத்தம் போட்டு நினைவூட்டும்.

ரப்பர் புஷ் இந்த நிலையை மாற்றியது. ஓர் இரும்புக் குழாய்க்குள் சிறிய இரும்புக் குழாய். இரண்டுக்கும் நடுவே ரப்பர். உள் குழாய் போல்ட்டால் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். வெளிக் குழாய் கையோடு சேர்ந்து ஆடும். நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக் கொடுக்கும். எங்கும் உராய்வு இல்லாததால் கிரீஸ் தேவைப்படாது, ஓசையும் எழாது. இதன் ஒரு வணிகப் பெயர் 'சைலன்ட்பிளாக்' என்றிருந்ததே இதன் நோக்கத்தைச் சொல்லிவிடும். ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. வெயிலும் எண்ணெயும் வயதும் அதைக் கெடுக்கும். ரப்பர் கிழிந்ததும் குழாயோடு குழாய் மோதத் தொடங்கும். இன்றைய கார்களில் கேட்கும் 'டக்' ஓசையில் ஒரு பங்கு இங்கிருந்து வருவதே.

1958-இல் வெளிவந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் இந்த இரு காலங்களுக்கும் நடுவில் நிற்கும் கார். 948 சி.சி. எஞ்சினும் தவளைக் கண் போன்ற முகப்பு விளக்குகளும் கொண்டது. பின்புறம் கால்வில் எனப்படும் குட்டையான பட்டைவில், முன்புறம் சுருள்வில். முன்சக்கரத்தின் மேல் கையாக நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரின் கையே வேலை செய்தது. அந்த ஷாக் அப்சார்பரின் உள் தாங்கி தேய்ந்தால் எண்ணெய் கசிவதோடு சக்கரத்தின் மேல் பிடிப்பும் தளரும். ஒரே உறுப்புக்கு இரு வேலை தரும் சிக்கனம் இதிலேயே தொடங்கிவிட்டது. அதைக் கொள்கையாகவே வளர்த்தவர் வேறொருவர்.

காலின் சாப்மன்

காலின் சாப்மன் (1928–1982) லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்றவர். மாணவராக இருந்தபோதே பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துத் தம் முதல் போட்டிக் காரை உருவாக்கினார். 1952-இல் வடலண்டனின் ஹார்ன்சி பகுதியில், தந்தையின் விடுதிக்குப் பின்னாலிருந்த குதிரை லாயத்தில், பின்னாளில் மனைவியான ஹேசல் வில்லியம்ஸ் தந்த 25 பவுண்டு கடனைக் கொண்டு லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பாலம் கட்டும் பொறியாளரின் கண்ணோடு அவர் காரைப் பார்த்தார். எந்தச் சட்டமும் தாங்க வேண்டிய சுமைக்கு மேல் ஓர் அவுன்ஸ்கூட கனமாக இருக்கக் கூடாது. ஓர் உறுப்பு இரண்டு வேலை செய்ய முடியுமானால் மற்ற உறுப்பை நீக்கிவிட வேண்டும் என்பது அவர் வழி.

1957-இல் வந்த லோட்டஸ் செவன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கார் வளைவில் சாயாமல் தடுக்கும் ஆன்ட்டி ரோல் பார் என்ற எஃகுத் தண்டு மற்றக் கார்களில் தனி உறுப்பாக இருக்கும். செவனில் அத்தண்டின் முனையே முன்சக்கரத்தின் மேல் விஷ்போனின் ஒரு காலாகவும் பயன்பட்டது. தனியாக ஒரு கை செய்ய வேண்டிய எடை மிச்சமாயிற்று. ஆனால் அத்தண்டைப் பிடிக்கும் இணைப்பு தளர்ந்தால் கார் சற்றுச் சாய்வதோடு நில்லாது. பிரேக் போடும்போது சக்கரமே முன்பின் நகரும்.

செவனின் இரண்டாம் வரிசைக் கார்களின் பின்பகுதி இன்னும் சுவையான பாடம். பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் தடுக்க, டிஃபரன்ஷியல் பெட்டியின் அடியில் 'A' வடிவச் சட்டம் ஒன்று இணைக்கப்பட்டது. அந்தப் பெட்டி இவ்வகைச் சுமைக்காகச் செய்யப்பட்டதன்று. சாதாரணக் காரிலிருந்து எடுத்தது. வளைவுகளில் சுமை ஏறும்போது பெட்டி நெளியும். நெளிந்தால் எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் நேரே கீழிருக்கும் ரப்பர் புஷ்ஷில் இறங்கும். எண்ணெயில் ஊறிய ரப்பர் பொதுபொதுவென்றாகும். பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் பின்னால் ஒரு 'டங்' கேட்கும். புஷ்ஷை மட்டும் மாற்றுபவர் சில மாதங்களில் மறுபடியும் அதே ஓசையைக் கேட்பார். கசிவை நிறுத்தாமல் புஷ்ஷை மாற்றுவது ஓட்டைக் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது. 1973-இல் செவனின் உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் அதன் தயாரிப்பைத் தொடர்ந்தது.

வீணைக் குடமான எலீட்

1957 லண்டன் மோட்டார் கண்காட்சியில் லோட்டஸ் எலீட் அறிமுகமானது. இதற்கு எஃகுச் சட்டம் கிடையாது. உடல் முழுவதும் கண்ணாடியிழையால் வார்க்கப்பட்டு, அதுவே சுமையையும் தாங்கியது. கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தின் 1216 சி.சி. எஞ்சின். காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்துக்காக இன்றும் புகழப்படுகிறது.

பின்சக்கரங்களுக்கு 'சாப்மன் ஸ்ட்ரட்' என்ற அமைப்பு இருந்தது. இதில் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே நெடிய தூணாக நிற்கும். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டே அதைப் பக்கவாட்டில் பிடிக்கும் கையாகவும் வேலை செய்யும். கை ஒன்று மிச்சம். டிஃபரன்ஷியலோ கண்ணாடியிழை உடலிலேயே பொருத்தப்பட்டது.

விளைவு ஒலியில் தெரிந்தது. வீணையின் தந்தி தனியே மெல்லிய ஒலி தரும். அதைக் குடத்தோடு சேர்க்கும்போது அறை முழுவதும் கேட்கும். எலீட்டின் உடல் அந்தக் குடமாயிற்று. டிஃபரன்ஷியலின் பற்சக்கர இரைச்சலும் சஸ்பென்ஷனின் ஒவ்வொரு தட்டலும் மெல்லிய கண்ணாடியிழையைப் பெரிய பறைத்தோல் போல அதிரவைத்தன. கதவுக் கண்ணாடிகள் வளைந்த வடிவில் இருந்ததால் அவற்றை இறக்கவும் வழியில்லை. கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஓசை உள்ளேயே சுற்றியது. ல மான் 24 மணிநேரப் போட்டியில் தன் பிரிவில் வெற்றிகளைப் பெற்ற கார், அன்றாடப் பயணத்தில் ஓட்டுநரின் காதைச் சோதித்தது. சுமார் 1,000 கார்களே செய்யப்பட்டன; 1963-இல் தயாரிப்பு நின்றது.

இதிலிருந்து ஓர் இயற்பியல் உண்மை விளங்கும். ஓசையின் அளவைக் கொண்டு பழுதின் அளவைக் கணிக்க முடியாது. ஒரே அளவு தேய்ந்த புஷ், ஆயிரத்து ஐந்நூறு கிலோ எடையுள்ள காரின் கம்பளத்துக்கும் தாருக்கும் அடியில் கேட்காமல் போகலாம். ஒலித்தடுப்பு ஏதுமற்ற இலகு காரில் சுத்தியடி போல் கேட்கலாம்.

ஈலானும் எண்ணெய் ஊற்றாத டிரன்னியனும்

எலீட்டுக்கு அடுத்து 1962-இல் வந்த ஈலான், ஓசையை அடக்க வேறு வழியை எடுத்தது. ரான் ஹிக்மன் தலைமையில் உருவான இக்காருக்கு எஃகுத் தகட்டால் ஆன முதுகெலும்புச் சட்டம் ஒன்று நடுவில் ஓடியது. முன்னும் பின்னும் அது கவை போல் பிரிந்து எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கியது. கண்ணாடியிழை உடல் அதன்மேல் தனியாக அமர்ந்தது. ஹிக்மன் பின்னாளில் 'வொர்க்மேட்' என்னும் மடக்கு வேலைமேசையைக் கண்டுபிடித்துப் பெரும்புகழ் பெற்றவர். தச்சர்கள் அறிந்த அளவுக்குக் கார் பிரியர்கள் அவரை அறியவில்லை என்பது வியப்பு.

ஈலானின் எடை 700 கிலோவுக்கும் குறைவு. மென்மையான ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்சார்பர் என்ற சாப்மனின் சேர்க்கை இதில் முழுமை பெற்றது. அதிர்வு உடலுக்குள் ஏறாமலிருக்கப் பல இடங்களில் ரப்பர் வைக்கப்பட்டது. பின் ஸ்ட்ரட்டின் தலையில் 'லோட்டோகோன்' என்ற ரப்பர்க் கூம்பு. ஆக்ஸில் தண்டுகளின் இரு முனைகளிலும் வடை வடிவ 'ரோட்டோஃபிளெக்ஸ்' ரப்பர் இணைப்பு. டிஃபரன்ஷியலின் தாங்கிகளிலும் ரப்பர். எலீட்டைவிட ஓசை நன்கு குறைந்தது. ஆனால் ஒவ்வொரு ரப்பரும் ஒரு புதிய கவலையைக் கொண்டுவந்தது. கிளட்சை விடும்போது ரோட்டோஃபிளெக்ஸ் முறுக்கி விடுபடுவதால் கார் தவளை போல் துள்ளும். லோட்டோகோனின் ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்தால் இருக்கைக்குப் பின்னால் 'டொக் டொக்' எனத் தட்டும்.

உண்மையான ஆபத்து முன்சக்கரத்தில் இருந்தது. பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்த, முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டை டிரையம்ஃப் கார்களிலிருந்து லோட்டஸ் எடுத்துக்கொண்டது. அத்தண்டின் கீழ்முனையில் திருகு மரை வெட்டப்பட்டு, வெண்கல வகை உலோகத்தால் ஆன 'டிரன்னியன்' என்ற திருகுக் கூட்டுக்குள் அது அமர்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழலும். இதற்குக் கியர் பெட்டியில் ஊற்றுவது போன்ற கெட்டியான எண்ணெய் ஏற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி.

பல பட்டறைகளில் அதற்கு கிரீஸ் ஏற்றினார்கள். நிப்பிள் இருந்தால் கிரீஸ் என்பது மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் நடுவிலேயே கட்டி நின்றுவிடும். அடியில் தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும். துருப்பிடித்த மரைப் பள்ளத்தில் நுண்ணிய விரிசல் தோன்றி, ஒருநாள் தண்டு ஒடியும். ஒடிந்தால் சக்கரம் காருக்கு அடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் இது ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும் மெதுவான வேகத்தில் நிகழ்ந்தது என்பதே ஓரளவு ஆறுதல்; எப்போதும் அப்படியே நிகழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதற்கு முன்னறிவிப்பாக ஸ்டீயரிங் கனப்பதும், திருப்பும்போது முனகல் கேட்பதும், குழியில் இறங்கினால் மெல்லிய தட்டல் வருவதும் உண்டு. எண்ணெயா கிரீஸா என்ற சின்னக் கேள்விக்கு இவ்வளவு விலை.

ஈலானில் இன்னொரு வேடிக்கையான முன்னறிவிப்பும் உண்டு. அதன் முகப்பு விளக்குகள் எஞ்சினிலிருந்து பெறும் வெற்றிடத்தின் உதவியால் எழுபவை. அந்த வெற்றிடத்தைச் சேமிக்கும் தொட்டியாக முதுகெலும்புச் சட்டத்தின் முன் குறுக்குப் பெட்டியே பயன்பட்டது. சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் விளக்குகள் தூங்கி வழியும். விஷ்போன்களைத் தாங்கும் தண்டுகளும் அதே முன்பகுதியில்தான் இருக்கின்றன. ஆகவே, விளக்கு எழாத ஈலானில் முன்புற ஓசையும் சேர்ந்து கேட்டால், புஷ்ஷைப் பார்ப்பதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஹிரோஷிமா

1970-களில் பிரிட்டிஷ் இலகு கார்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1979-இல் அமெரிக்க மோட்டார் இதழாளர் பாப் ஹால், ஹிரோஷிமாவில் மஸ்டா நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, அவ்வகைக் காரை மஸ்டா செய்ய வேண்டும் என்றார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 வெளிவந்தது. தோஷிஹிகோ ஹிராயின் தலைமையில் உருவான இக்காரின் எடை சுமார் 950 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன். கியர் பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இறுகப் பிணைத்ததால், ஈலானில் கண்ட துள்ளல் இதில் இல்லை. ஓசையையும் பொறியாளர்கள் திட்டமிட்டே அமைத்தனர். சைலன்சர் வழியே வரும் ஒலி ஓட்டுநருக்கு மகிழ்ச்சி தர வேண்டும் என்று தனியாக உழைத்தனர். எந்த ஓசை கேட்க வேண்டும், எது கேட்கக் கூடாது என்று தரம் பிரித்தது இக்காரின் தனிச்சிறப்பு எனலாம்.

2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்.எக்ஸ்-5 தயாரானது. இத்தனை கார்கள் இத்தனை ஆண்டுகள் ஓடியதால் இவற்றின் ஓசைகளும் நன்கு அறியப்பட்டுவிட்டன. ஆன்ட்டி ரோல் பாரை விஷ்போனோடு இணைக்கும் குட்டைத் தண்டுகளின் தேய்மானம் சிறு மேடுகளில் 'கட கட' என்று ஒலிக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் வேறொரு சிக்கல். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்டுகள் புஷ்ஷின் உள் குழாயோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். போல்ட்டை அறுத்தெடுக்காமல் புஷ்ஷை மாற்றவே முடியாது.

எலீஸ்

லோட்டஸ் 1995 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் எலீஸைக் காட்டியது. அலுமினியச் சட்டங்களை வெல்டிங் செய்யாமல் எபாக்சிப் பசையால் ஒட்டிச் செய்த உடற்சட்டம் வெறும் 68 கிலோ. முழுக்கார் சுமார் 725 கிலோ. ஒலித்தடுப்பு அநேகமாக இல்லை. சின்னக் கல் சக்கரத்திலிருந்து தெறித்தாலும் அலுமினியத் தொட்டியில் பட்டுக் கணீரென்று ஒலிக்கும்.

இக்காரில் கவனிக்க வேண்டியது பின்சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் 'டோ லிங்க்' தண்டு. அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட், குறிப்பாகப் பந்தயத் தடங்களில் ஓட்டப்படும் கார்களில், தேய்வதும் அரிதாக ஒடிவதும் அறியப்பட்டதே. முன்சக்கரம் சற்றுத் தளர்ந்தால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் உணர்வார். பின்சக்கரம் தன் விருப்பப்படி திரும்பினால் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை, கார் சுழலும். அதனால் எலீஸில் பின்புறம் கேட்கும் சிறு 'டிக்' ஓசையை அனுபவமுள்ளவர்கள் உடனே பார்க்கிறார்கள். தடத்தில் ஓட்டுபவர்கள் ஓசைக்காகக் காத்திராமல் வலுவான இணைப்பை முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள்.

ஓசையைக் கண்டறியும் முறை

அரை நூற்றாண்டு அனுபவத்தில் உருவான முறைகள் எளியவை; கருவிகள் குறைவு. முதல் வேலை காரைத் தூக்குவதன்று. ஓசை எப்போது வருகிறது என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை. மருத்துவர் கைபிடித்துப் பார்ப்பதற்கு முன் கேள்வி கேட்பது போன்றது இது.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஓசை வந்து, இரு சக்கரமும் ஒன்றாக வேகத்தடையில் ஏறும்போது வராவிட்டால், ஆன்ட்டி ரோல் பாரின் இணைப்புகளை ஐயுறலாம். இரு பக்கமும் ஒன்றாக உயரும்போது அத்தண்டில் முறுக்கு ஏறுவதில்லை. இணைப்புகளில் சுமையும் இல்லை. ஓசை வரும் சாலையில் பிரேக்கை மெதுவாக அழுத்தியபடி சென்றால் அது நின்றுவிடுமானால், தளர்ந்திருப்பது பிரேக் பட்டையாக இருக்கலாம். அழுத்தும் கணத்தில் ஒரே ஒரு 'டக்' வந்தால் விஷ்போன் புஷ். வேகத்தோடு ஏறும் 'உர்ர்' என்ற இரைச்சல் வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடச்சக்கரத்தின் பேரிங். திரும்பும்போது சுமை வெளிச்சக்கரத்துக்கு மாறுவதே காரணம். குழியில் இறங்கும்போது இல்லாமல் ஏறும்போது தட்டினால் ஷாக் அப்சார்பரின் மேல் முனையைப் பார்க்க வேண்டும்.

பிறகே ஜாக்கி. காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் மற்றொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது டிரன்னியன். பிரேக் மிதிக்கும்போது சக்கரமும் அதைத் தாங்கும் தண்டும் ஒன்றாகப் பிணைக்கப்படுவதால் பேரிங்கின் தளர்வு மட்டும் மறைகிறது. சக்கரத்தை இடவலமாகப் பிடித்து ஆட்டினால் தெரியும் தளர்வு முன்புறத்தில் ஸ்டீயரிங் தண்டுகளுடையது. எலீஸ் போன்ற கார்களின் பின்புறத்தில் டோ லிங்க்குடையது.

சுருள்வில்லின் சுமையைத் தாங்கும் பால் ஜாயின்டைச் சோதிக்கும்போது கீழ்க் கையின் அடியில், வெளிமுனைக்கு அருகில், ஜாக்கி வைத்து வில்லை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் வில்லின் அழுத்தமே தேய்மானத்தை மறைத்துவிடும். டயருக்கு அடியில் கம்பியால் நெம்பும்போது ஒரு கை இணைப்பின்மேல் இருக்கட்டும். காது ஏமாறும், உலோகச் சட்டம் ஓசையைத் தூரம் கடத்தி, பின்னாலிருப்பதை முன்னால் கேட்கச் செய்யும். விரல் நுனி அப்படி ஏமாறாது.

ஐயத்தை உறுதிப்படுத்த, ஆன்ட்டி ரோல் பாரின் இரு இணைப்புத் தண்டுகளையும் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்ப்பது எம்.எக்ஸ்-5 போன்ற கார்களில் வழக்கம். ஓசை போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் பழைய செவனில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அத்தண்டே விஷ்போனின் கால். கழற்றினால் சக்கரத்துக்குப் பிடிப்பில்லை. ஒரு காரில் பாதுகாப்பான சோதனை இன்னொரு காரில் விபத்து.

சரிசெய்தல்

புதிய ரப்பர் புஷ் பொருத்துவதில் பலர் செய்யும் தவறு, கார் தூக்கியிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுவது. அப்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். உள் குழாய் அந்த நிலையில் பிடிக்கப்பட்டுவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் நிற்கும். முனகும், விரைவில் கிழியும். கனமான காரில் இந்த முறுக்கின் விசை ஸ்பிரிங்கின் விசைக்கு முன் பொருட்டல்ல. மென்மையான ஸ்பிரிங் கொண்ட இலகு காரில் அதுவே காரின் உயரத்தைக்கூட மாற்றிவிடும். எனவே போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, காரை அதன் சக்கரங்களில் நிறுத்தி, சற்று அழுத்தி ஆட்டி, அதன்பின் முழுவதும் இறுக்க வேண்டும்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடுவது பரவலான வழக்கம். அது நீண்டநாள் உழைக்கும், எண்ணெயைத் தாங்கும். ஆனால் அது ரப்பரைப் போல் முறுக்கிக் கொடுப்பதில்லை. குழாயின்மேல் வழுக்கிச் சுழலும். வழுக்க வேண்டிய இடம் உலர்ந்தால் கிறீச்சிடும். சிலிக்கோன் கிரீஸ் பூசிப் பொருத்த வேண்டும். சில ஆண்டுகளில் மறுபடியும் பிரித்துப் பூச நேரலாம். லீஃப் ஸ்பிரிங் காலத்து கிரீஸ் வேலை வேறு வேடத்தில் திரும்பிவிட்டது எனலாம். பந்தயக் கார்களில் ரப்பரே இல்லாத உருண்டை மூட்டுகள் பயன்படும். அவை துல்லியமானவை, சாலைத் தூசியில் விரைவில் லொட லொடக்கும். சாலையில் ஓட்டும் காருக்கு நல்ல ரப்பரே போதும் என்பது பல பழைய மெக்கானிக்குகளின் கருத்து. அதில் நியாயம் உண்டு. ரப்பர் கிறீச்சிடும்போது பெட்ரோலிய எண்ணெயைத் தெளிப்பதும் தவறு. ஓசை ஒரு வாரம் அடங்கும்; ரப்பர் ஊறிக் கெடும்.

டிரன்னியன் உள்ள காரை வாங்குபவர் முதலில் அதைக் கழற்றி, பழைய கிரீஸை முழுதும் கழுவி, மரையைப் பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, துருப்பள்ளம் இருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் எண்ணெய் ஏற்றிப் பூட்டலாம்.

வேலை முடிந்ததும் சக்கரக் கோணங்களை அளக்க வேண்டும். எலீஸில் சக்கரத்தின் சாய்வு, மேல் பால் ஜாயின்டுக்கு அருகில் வைக்கப்படும் மெல்லிய தகடுகளால் சரிசெய்யப்படுகிறது. கழற்றும்போது ஒவ்வொரு சக்கரத்திலும் எத்தனை தகடுகள் இருந்தன என்று எண்ணிக் குறித்து, அத்தனையையும் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டிய பின் எல்லா போல்ட்டுகளின் இறுக்கத்தையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம்.